வரியிலை ஹோயாவும் அதற்கேற்ற தொட்டிக் கலவையும்

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒருநாள் மாலை, விடுதி மாணவர் இருவர் ஒரு மண்தொட்டியைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தனர். தொட்டியில் இருந்தது ஒரு சிறு கொடி. அதன் இலைகள் தடித்தவை. நடுவிற் பசுமையும் ஓரத்திற் பால்வெண்மையும் உடையவை. ஹோயா என்று தாவர நூலார் வழங்கும் மெழுகுப்பூக் கொடியின் வரியிலை வகை அஃது. அன்று அவ்விலைகள் பொலிவிழந்து, முதியோர் கைத்தோல்போற் சுருங்கித் தொங்கின. "நாள் தவறாமல் நீர் வார்க்கின்றோம், ஐயா, வார்க்க வார்க்க வாடுகின்றது," என்றனர். எந்த மண் இட்டீர்கள் என வினவினேன். மூத்தவன் சிறிது பெருமிதத்துடன், "உத்தமபாளையத்தில் எங்கள் வயல் மண், ஐயா. இருபோகமும் பொய்யாமல் விளையும் மண். ஊரிலிருந்து சாக்கிற் கட்டிக் கொணர்ந்தேன்," என்று விடையிறுத்தான்.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டச் சொன்னேன். மண் தொட்டியின் வடிவிலேயே ஒரு கட்டியாய் வெளிவந்தது. அதன் அடிப்பாகத்தினின்று குளத்துச் சேற்றின் நாற்றம் எழுந்தது. வேர்கள் பழுப்பேறியிருந்தன, ஒன்றை விரலாற் பற்றி இழுத்தபோது மேற்றோல் கழன்று கையோடு வந்துவிட, உள்ளிருந்த நரம்பு மட்டும் நூல்போல் எஞ்சிற்று. நீரின் நடுவே நின்றும் நீர் பருக வாயின்றி அக்கொடி வாடியிருந்தது. இளைஞர் முகமும் வாடிற்று. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை. ஏனெனில், இதே பிழையைப் பல்லாண்டுகட்கு முன்னர் யானே செய்திருக்கின்றேன். அதுவும் அவர்களினும் இழிவான முறையில்.

போடிநாயக்கனூரில் என் அத்தை ஒருவர் இருந்தார். அவர் வீட்டுத் திண்ணையின் உத்தரத்திலிருந்து உறியிற் கட்டிய ஒரு விளிம்புடைந்த சட்டியில் இவ்வரியிலைக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. சட்டியினுள் மண்ணென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. தேங்காய் மட்டையை வெட்டிய துண்டுகள், அடுப்பில் அவிந்த கரி, ஓட்டுச் சில்லு, இவற்றிடையே ஒரு கைப்பிடி மக்கிய சாணம், அவ்வளவே. அத்தை நினைத்தபோது நீர் தெளிப்பார், மறந்தால் மறந்ததுதான். ஆண்டுதோறும் அக்கொடி பூத்தது. இரவில் அதன் மணம் திண்ணையிற் படுத்திருப்போரைத் துயிலெழுப்பும். அத்தை காலஞ்சென்ற பின்னர் அச்சட்டி என்னிடம் வந்தது. "பாவம், இத்தனை காலம் குப்பையில் வாழ்ந்தது, இனியேனும் நல்ல மண்ணில் வாழட்டும்" என்றெண்ணி, தோட்டத்து வளமண்ணும் தொழுவுரமும் கலந்து பெரிய தொட்டியொன்றில் மாற்றி, நாள்தோறும் நீர் வார்த்தேன். இரண்டே திங்களிற் கொடி அழுகிற்று. உயிரோடு எஞ்சியது ஒரு சாண் நீளமுள்ள ஒற்றைத் தண்டு. அத்தையின் கையால் வளர்ந்த பொருள்களுள் என்னிடம் உயிருடன் இருந்தது அஃதொன்றே. அதனைக் காக்கவேண்டுமென்ற கவலையே இக்கலவையைப்பற்றிய ஆராய்ச்சியில் என்னைப் புகுத்திற்று.

நிற்க. இக்கொடி எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் சாலையோரத்து எருக்கும், வேலியிற் படரும் வேலிப்பருத்தியும், கோடையில் நாம் பருகும் நன்னாரியும் ஹோயாவுக்கு உறவினர். எருக்கம்பூவின் நடுவே முடிபோல் நிற்கும் உறுப்பைக் கண்டிருப்பீர்கள். ஹோயாவின் சிறு மலரிலும் அத்தகைய முடியொன்று ஐம்முனை விண்மீன்போல் அமைந்து, மெழுகிற் கடைந்ததோ என ஐயுறுமாறு ஒளிர்கின்றது. இராபர்ட் பிரவுன் என்னும் தாவர நூலார் 1810-ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த சையன் மாளிகையில் நார்தம்பர்லாந்துப் பிரபுவின் தோட்டக்காரராயிருந்த தாமஸ் ஹோய் என்பவர் நினைவாக இவ்வினத்துக்கு ஹோயா எனப் பெயரிட்டார். ஒரு தோட்டக்காரர் பெயர் ஓர் இனத்துக்கே நிலைத்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

கடைகளிற் கிடைக்கும் வரியிலை வகை பெரும்பாலும் ஹோயா கார்னோசா என்னும் கிழக்காசியச் செடியின் மாறுபாடு. ஆயினும் ஹோயா நமக்கு முற்றும் அயலான் அன்று. ஹோயா வைட்டியை, ஹோயா ஓவாலிஃபோலியா, ஹோயா பாசிஃப்ளோரா முதலிய வகைகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இயற்கையாய் வளர்கின்றன. இவற்றுள் முன்னது, சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராய்ப் பணிபுரிந்து, தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இராபர்ட் வைட் (1796–1872) என்பவரின் பெயரைத் தாங்கியது. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெரும் படத்தொகுதிக்கு ஓவியம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் தகும். அவர்கள் பெயர் நெடுங்காலம் பலரும் அறியாமற் கிடந்தது.

இவ்வகைக் கொடிகள் மலைக்காட்டில் எங்கே வாழ்கின்றன? நிலத்திலன்று, பெரும்பாலும் மரத்தின்மேல். மரத்தின் கவட்டிலும் பட்டை வெடிப்பிலும் பாசியிடையிலும் வேரூன்றி, கிளைகளைப் பற்றிப் படர்கின்றன. மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியோடு இவற்றைச் சேர்த்தெண்ணுதல் தவறு. இவை மரத்தினிடம் இடம் மட்டுமே கேட்பன. மழை பெய்யும்போது இவற்றின் வேர் முழுதும் நனையும். மழை நின்றதும் நீர் வழிந்தோட, காற்று வேரைத் தடவும். நனைதலும் உலர்தலும் மாறி மாறி வருவதே இவற்றின் வாழ்க்கை. உலர்ச்சியைத் தாங்கும்பொருட்டே இலைகள் தடித்து நீரைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஹோயா கார்னோசா பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடி, இரவிலே திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும் இயல்புடையது என்று அறிஞர் கண்டுள்ளனர். கள்ளியும் அன்னாசியும் கையாளும் சிக்கனமே இதுவும். இத்துணைச் சிக்கனமாய் வாழ்வதன் வேரை நெல்வயல் மண்ணிற் புதைத்து, நாள்தோறும் நீர் வார்த்தால் என்னாகும்?

நம் பள்ளத்தாக்கு மண்ணை இழித்துரைப்பது என் நோக்கமன்று. 1895-இல் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் வரத் தொடங்கியதுமுதல், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை விரிந்த நன்செய் எத்தனை தலைமுறைக்குச் சோறிட்டது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. அம்மண்ணின் நுண்டுகள்கள் நீரைப் பற்றிக்கொள்கின்றன. நெல்லுக்கு வேண்டுவதும் அதுவே. நெற்பயிர் தன் தண்டினூடே காற்றை வேருக்கு அனுப்பும் குழாய்களை உடையது. ஆதலின் சேற்றிலும் மூச்சுவிடும். ஹோயாவுக்கு அவ்வசதி இல்லை. அதன் வேருக்கு வேண்டிய பிராணவாயு, கலவைத் துண்டுகளின் இடைவெளி வழியாகவே வரவேண்டும். அவ்விடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால், காற்றிற் செல்வதைவிட ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பிராணவாயு நீரினூடே ஊர்ந்து செல்லும். வேர் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரில் பைத்தியம், பைட்டாப்தோரா என்னும் நீர்ப்பூசணங்கள் குடிபுகும். முதற்பெயரைக் கேட்டு மாணவர் நகைப்பது வழக்கம். அது செய்யும் வேலை நகைக்கத்தக்கதன்று. ஏலத்தோட்டத்தார் மழைக்காலத்தில் அஞ்சும் அழுகல் நோயும், வெற்றிலைக் கொடிக்காலில் வரும் வாடலும் இப்பூசண வகுப்பின் கொடுமைகளே. சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்காற்காரர் மேட்டுப்பாத்தி கட்டி, இடையிடையே வாய்க்கால் விட்டு நீரை வடிப்பதைக் கண்டவர்க்கு நான் கூறுவது எளிதில் விளங்கும். கொடிக்கும் வேருக்கும் அவர்கள் அறிந்துள்ள உண்மையை நாம் ஒரு தொட்டிக்குள் அமைக்கவேண்டும், அவ்வளவே வேறுபாடு.

இனி, தொட்டியில் ஒரு விந்தையுண்டு. அதனைப் பலரும் கருதுவதில்லை. நீரில் தோய்த்த செவ்வக வடிவான பஞ்சுக்கட்டி ஒன்றை எடுத்துத் தட்டையாய்ப் பிடியுங்கள். நீர் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். நின்றபின் அதனையே குறுகிய பக்கம் கீழாக நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் சொட்டும்! பஞ்சு மாறவில்லை, உயரமே மாறிற்று. தொட்டியிலும் இவ்வாறே. அடியில் எத்தனை துளை இருந்தாலும், கலவை நுண்ணியதாயின், நீர் வடிந்து நின்றபின்னும் அடித்தட்டில் ஒரு பகுதி முழுதும் நீர் தேங்கியே நிற்கும். துகள் நுண்ணியதாகுந்தோறும் அத்தேக்கம் உயரும். ஆதலின், நுண்மண் இட்ட ஆழமற்ற தொட்டி ஒரு சிறு குளமே.

"அடியிற் கல்லும் ஓடும் பரப்பினால் நீர் வடிந்துவிடுமே" என்பர் சிலர். நம்மில் யார் அதனைச் செய்யவில்லை! ஆனால் இதனாற் பயனில்லை, தீமையே உண்டு. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், தனக்குக் கீழுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்குவதில்லை. மேலுள்ள மண் நிறைந்து தெவிட்டிய பின்னரே இறங்கும். எனவே கல்லடுக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் நீர்த்தேக்கம் மேலேறி வேரை அணுகுகின்றது. சில்லையும் ஓட்டையும் அடியிற் பரப்பாமல், கலவை முழுதும் விரவச் செய்தலே முறை. என் அத்தை அவ்வாறே செய்திருந்தார். அடியிலும் நடுவிலும் மேலும் ஒரே கலவை.

வரியிலை வகைக்கு மட்டும் தனியே ஏன் கவலை என்று கேட்கலாம். இலையின் வெண்பகுதியிற் பச்சையம் இல்லை. பச்சையமில்லா இடத்தில் உணவு ஆக்கப்படுவதில்லை. அப்பகுதி பச்சைப்பகுதி உழைத்துத் தருவதை உண்டு வாழ்வது. ஆகவே முழுப்பச்சைக் கொடியோடு நோக்க, வரியிலைக் கொடி மெதுவாய் வளரும், குறைவாய் வேர்விடும், குறைவாய் நீர் பருகும். ஒரே அளவான இரு தொட்டிகளில் ஒரே கலவையை இட்டு, ஒன்றிற் பச்சைக் கொடியையும் மற்றொன்றில் வரியிலைக் கொடியையும் வைத்தால், பின்னதிலே ஈரம் நெடுநாள் நிற்கும். பச்சைக் கொடி பொறுத்துக்கொள்ளும் கலவையில் வரியிலைக் கொடி இறப்பதற்குக் காரணம் இதுவே. ஆதலின் இதற்குக் கலவை இன்னும் பருமையாயும், தொட்டி இன்னும் சிறியதாயும் இருத்தல் வேண்டும். வேர்த்திரளைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் போதும். பெரிய வீடு கட்டிக் கொடுத்தால் மகிழும் என்று எண்ணுவது மனித வழக்கம், செடிக்கு அஃதில்லை.

இனிக் கலவைப் பொருள்களைப் பார்ப்போம். நம் பள்ளத்தாக்கில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

முதன்மையானது தேங்காய் மட்டை. உலர்ந்த மட்டையைக் கட்டைவிரல் நகத்தளவு துண்டுகளாய் நறுக்கவேண்டும். துண்டு ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே காற்றை விடுகின்றது. மரப்பட்டையின் வெடிப்புக்கு இதனினும் நெருங்கிய ஒப்பு நமக்குக் கிடையாது. ஆனால் மட்டையில் உப்புகள் உண்டு. அதனை அப்படியே இட்டால் இலைநுனி கருகும். வாளியில் நீர் நிரப்பி மட்டைத் துண்டுகளை ஊறவைத்து, மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விடவேண்டும். காப்பிபோற் கறுத்த நீர் வெளுக்குமளவும் மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தல் நன்று. இவ்வேலையிற் சோம்பல் கூடாது; இங்கே சோம்பியவர்கள் பின்னர் உரத்தையும் நீரையும் பழிப்பர்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. கடைகளில் கோகோபீட் என்னும் பெயரிற் செங்கல்போல் அழுத்தி விற்கப்படுவது. கயிற்றுக்கு நாரெடுத்தபின் எஞ்சும் தூள் இது. தன் எடையைப்போற் பல மடங்கு நீரைப் பிடிக்கவல்லது. இதன் புகழ் இந்நாளில் மிகுந்துவிட்டது. இதனை மட்டுமே நிரப்பி ஹோயாவை நட்டு விற்போரும் உளர். நாற்றங்காலில் நாள்தோறும் கணக்காய் நீர்விடும் தொழிலாளி கையில் அது தகும்; வீட்டுத் திண்ணையில் அது வயல்மண்ணின் தம்பியே. மேலும், மக்காத நார்க்கழிவிற் கரிச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேலிருப்பதால், அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தையும் தானே கவர்ந்துகொள்ளும். சிப்பிக்காளானின் பூசணத்தையும் யூரியாவையும் இட்டு இதனை மக்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர். அவ்வாறு மக்கியதாயின் கலவையிற் பத்திலொரு பங்கு சேர்க்கலாம், அதற்குமேல் வேண்டா.

மூன்றாவது கரி. கரி நீரைத் தூய்மை செய்யும், நஞ்சை நீக்கும் என்றெல்லாம் பெருமை பேசப்படுகின்றது. தொட்டியில் அது அத்தனை அற்புதம் செய்வதாய் எனக்குத் தோன்றவில்லை. அதன் உண்மையான நன்மை எளியது: இலேசானது, மக்காதது, நசுங்காதது; ஆண்டுகள் பல கழிந்தும் இடைவெளியைக் காத்து நிற்பது. மட்டைத்துண்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கித் தூளாகும், கரி ஆகாது. அடுப்புக்கரியை எடுப்போர் சாம்பலை நன்கு கழுவி நீக்கவேண்டும், சாம்பல் காரமுடையது.

நான்காவது செங்கற் சில்லு. நன்கு வெந்த செங்கல்லையே பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து நீக்கிப் பயன்படுத்தவேண்டும். அரைவேக்காட்டுக் கல் நீர்பட்டுக் கரைந்து மீண்டும் களிமண் ஆகிவிடும். எரிமலைக் கண்ணாடியைச் சூளையிற் பொரித்துச் செய்த பெர்லைட் என்னும் வெண்பொரியை நகரத்தார் பெரிதும் விரும்புகின்றனர். நல்ல பொருளே. ஆனால் விலைகொடுத்து வாங்கவேண்டும், நீர் ஊற்றுந்தோறும் மேலே மிதந்து வரும், ஆடிக்காற்றிற் பறந்துபோம். செங்கற் சில்லோ கனமுடையது. காற்று மிகுந்த நம் ஊரில் தொட்டி கவிழாமல் நிற்க அதுவும் ஓர் உதவி.

மணலைப்பற்றி ஒரு சொல். மணல் சேர்த்தால் மண் இளகும் என்பது பழைய நம்பிக்கை. பருமணல் மிகுதியாய்ச் சேர்ந்தாலன்றி அது நடவாது. சிறிதளவு நுண்மணல் பெரிய துண்டுகளின் இடைவெளிகளை அடைத்து, முன்னிலும் கேடு செய்யும். மரப்பட்டை, பாசி இவற்றைத் தேடி மலையேறுதலும் வேண்டா. மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கு ஒரு பிடி பாசியைப் பெயர்ப்பதும் குற்றம். குற்றமல்லாதிருந்தாலும், ஒரு கொடியை வாழ்விக்க நூறு கொடிகளின் வீட்டைப் பிரிப்பது எனக்கு உடன்பாடன்று.

நான் இப்போது கையாளும் அளவைச் சொல்லுகின்றேன். தேங்காய்ச் சிரட்டையையே அளவையாகக் கொள்க. மட்டைத்துண்டு 4 சிரட்டை, கரி 2, செங்கற் சில்லு 2, மக்கிய நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1. எல்லாவற்றையும் சிறிது ஈரமாக்கிக் கையாற் பிசறி, தொட்டியில் தளர இட்டு, பக்கத்தைத் தட்டி அமரச் செய்தல் வேண்டும்; விரலால் அழுத்தலாகாது. இவ்வளவை மறைமொழியாகக் கொள்ளவேண்டா. ஒருவர் மட்டையை நறுக்கும் பருமன் மற்றொருவர் நறுக்கும் பருமன் ஆகாது. ஆகவே கலவையை அளந்து பார்த்தலே நலம்.

அளக்கும் வழி எளிது. அடியில் துளையிட்ட ஒரு தகரக் குவளையை எடுத்து, துளைகளை மெழுகால் அடையுங்கள். அது முழுதும் எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்ளும் என்று முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நீரைக் கொட்டிவிட்டு, ஈரக்கலவையை விளிம்புமட்டும் நிரப்பி, மேற்பரப்பு மினுங்குமளவும் மெல்ல நீர் விட்டு, ஒருமணி நேரம் ஊறவிட்டு, குறைந்தால் மீண்டும் நிரப்புங்கள். இப்போது துளைகளைத் திறந்து, வடியும் நீரை வேறொரு கலத்தில் ஏந்தி அளவுங்கள். எவ்வளவு நீர் வடிந்ததோ அவ்வளவு இடத்திற் காற்று புகுந்தது என்பது பொருள். 1,000 மில்லிலிட்டர்க் குவளையினின்று 250 வடிந்தால், கலவையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு காற்று. பொதுவான தொட்டிச் செடிகட்குப் பத்து முதல் இருபது பங்கு போதும்; மரத்தில் வாழும் இனங்கட்கு இருபத்தைந்துக்குக் குறையாமலும், வரியிலை வகைக்கு அதனினும் மிகுதியாகவும் இருக்குமாறு நான் பார்த்துக்கொள்கின்றேன். அவ்விரு மாணவரும் தங்கள் வயல்மண்ணை இம்முறையில் அளந்தனர். கலத்தில் விழுந்தவை சில துளிகளே. நான் ஒருமணி நேரம் விரித்துரைத்திருந்தாலும் அத்துளிகள் உணர்த்தியதை உணர்த்தியிரேன்.

இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பக் கலவை மாறவேண்டும். தேனி, போடி, கம்பம் ஆகிய ஊர்கள் மலைக்கு மறைவில், மழை குறைந்த பக்கத்தில் இருப்பவை. ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்று கணவாய்களினூடே வீசித் தொட்டியைக் கடுகி உலர்த்தும். மட்டைத்துண்டைச் சற்றே சிறிதாக்குவதோ, காற்றுக்கு மறைவில் தொங்கவிடுவதோ அப்போது உதவும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை வரும், வானம் மூடியிருக்கும், அப்போது ஈரம் நாட்கணக்கில் நிற்கும். செடிகள் அழுகுவது பெரும்பாலும் இக்காலத்திலேயே. அம்மாணவர் வந்ததும் கார்த்திகையில் என்பதை நினைவுகூர்க. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களில் வாழ்வோர் நார்க்கழிவை அறவே நீக்கி, அவ்விடத்திற் கரியைக் கூட்டிக்கொள்ளலாம். அங்கே காற்றிலேயே போதிய ஈரம் உண்டு. தொட்டியும் இதனோடு சேர்ந்ததே. மெருகிடாத மண்சட்டி தன் பக்கத்தினூடே நீரை ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டி அதைச் செய்யாது. மறதியுடையோர்க்குப் பிளாஸ்டிக்கும், அன்பு மிகுதியால் ஓயாமல் நீர் வார்ப்போர்க்கு மண்சட்டியும் ஏற்றவை என்பது என் கருத்து.

நீர் எப்போது வார்ப்பது? நாளை எண்ணி வார்க்கலாகாது. தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நீர் வார்த்த அன்று இருந்த கனத்தையும் உலர்ந்த அன்று இருக்கும் கனத்தையும் கை விரைவில் கற்றுக்கொள்ளும். கனம் குறைந்தபின், அடித்துளை வழியே நீர் ஓடுமாறு ஒரேமுறை நன்றாய் வார்த்து, பின்னர் விட்டுவிடுக. இலை சுருங்குவதை மட்டும் நம்புதல் ஆபத்து. தாகத்தாலும் இலை சுருங்கும். வேர் அழுகியதாலும் இலை சுருங்கும். முன்னதற்கு நீரே மருந்து. பின்னதற்கு நீரே நஞ்சு. தொட்டி இலேசாயிருந்து இலை சுருங்கின் தாகம். கனத்திருந்து சுருங்கின் அழுகல். இவ்வொரு வேறுபாட்டை அன்று அறிந்திருந்தேனாயின் அத்தையின் கொடி முழுதும் இன்றிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாயிருக்கும் இடங்களில், மட்டைத்துண்டுகளின்மேல் வெண்பூச்சுப் படியும். அங்கே மழைநீரைப் பிடித்துவைத்து இடையிடையே வார்த்துக் கழுவுதல் நன்று.

அழுகிய கொடியைக் காப்பது எப்படி எனின், அழுகிய வேரைத் தேற்ற முயல்வதில் பயனில்லை. தண்டிற் பசுமையாயுள்ள பகுதியை, இரண்டு கணுவேனும் இருக்குமாறு கூரிய கத்தியால் நறுக்கி, வடியும் பால் உலருமளவும் நிழலில் வைத்து, ஈரமான மட்டைத்துண்டுகளிடையே ஒரு கணுவைப் பதித்து, மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். தண்டின்றி ஓர் இலையை மட்டும் நட்டால், வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். கொடி ஆவது அரிது. இதய வடிவிலுள்ள ஒற்றை ஹோயா இலையைச் சிறு தொட்டியில் நட்டுப் பரிசுப்பொருளாக விற்பதைக் கண்டு ஏமாறாதீர். வரியிலைக் கொடியில் இன்னொன்றையும் நோக்கவேண்டும். நறுக்கும் துண்டில் வெண்மையும் பசுமையும் கலந்த இலை இருத்தல் அவசியம். முழுவெள்ளைத் தளிர் தானே உணவாக்க இயலாமல் இறந்துபோம். முழுப்பச்சைத் தளிரோ வலிமை மிகுந்து, நாளடைவில் வரியிலையை விஞ்சிக் கொடி முழுதையும் பச்சையாக்கிவிடும். பச்சைத்தளிர் கண்டால் அடியோடு நறுக்கிவிடுக.

அத்தையின் ஒற்றைத் தண்டு இவ்வாறே பிழைத்தது. அது பூக்க நெடுநாள் ஆயிற்று. பூங்காம்பு முதலில் தோன்றிய அன்று என் வீட்டார் அனைவரையும் அழைத்துக் காட்டினேன். பூவுதிர்ந்தபின் அக்காம்பை நறுக்கலாகாது என்பதை இங்கே சேர்த்துக்கொள்க. ஹோயா அதே காம்பிலிருந்தே மறுமுறையும் அரும்பும். இப்போது அக்கொடி, உடைந்த அச்சட்டியிலேயே, மட்டையும் கரியும் சில்லுமாய்ப் பழைய நிலையில் தொங்குகின்றது.

மாணவர் கொணர்ந்த கொடியில் மூன்று துண்டுகள் தேறின. ஒன்று தைத்திங்களில் அழுகிற்று. மற்ற இரண்டும் வேர்விட்டு, பங்குனியில் ஒவ்வொன்றிலும் ஒரு சோடித் தளிர் தோன்றிற்று. அவற்றுள் ஒன்றின் தளிரில் வெண்மை முன்னிலும் அகலமாய் இருக்கின்றது. உத்தமபாளையத்து வயல்மண்ணை என்ன செய்வது என்று மூத்தவன் கேட்டான். எறிய அவனுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் பாத்தி கட்டி அரைக்கீரை விதைத்தனர். அக்கீரையை இதுவரை நான்கு முறை அறுத்தாயிற்று.